குடிபாலாவில் இருந்த மறுபாதி

வியாழக்கிழமை, காலை 6.10. மாதவரம் பேருந்து நிலையத்தில் ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் பேருந்து. கட்டணம் 195 ரூபாய், தூரம் நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். என் மடியில் ஒரு துணிப்பை. அதில் வளைந்த ஊசி இரண்டு, கத்தரி, அளவு நாடா, பூதக்கண்ணாடி, பதினொரு நிறங்களில் சாயம் தோய்த்த கம்பளி நூல். பக்கத்து இருக்கை அம்மாள், குடும்பத்தோடு முடி காணிக்கைக்குப் போகிறவர், பையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்வெட்டர் பின்றீங்களா?" என்று கேட்டார். பழைய கம்பளங்களைப் பழுது பார்ப்பவள் என்றேன். "கம்பளத்துக்காகவா திருப்பதி வரைக்கும் போறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் அன்று காலை நாலரை மணிக்கு எழுந்தபோது அதே கேள்வி இருந்தது.

நான் பிறந்தது நகரியில். அப்பாவுக்கு இரண்டு தறி, இரண்டிலும் பருத்திதான். கல்யாணமாகிப் பெரம்பூருக்குப் போன பிறகே கம்பளி என் கைக்கு வந்தது. அது மாமனாரின் தொழில். மலையிலும் பாலையிலும் ஆடு மேய்த்துத் திரிந்த கூட்டத்தார் நெய்த கம்பளங்கள் எங்கள் பட்டறைக்கு வரும். அவர்கள் தறியைத் தரையில் படுக்கப்போட்டு நெய்வார்கள். மந்தை நகர்ந்தால் தறியையும் சுருட்டிக்கொண்டு நடப்பார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது, முடிச்சுக் கணக்கு முழுவதும் மனத்தில். அதனால்தான் அவர்கள் பூவும் படிக்கட்டாக இருக்கும், பறவையும் முக்கோணமாக இருக்கும். முரட்டு முடிச்சில் வளைவு வராது. வராததை விட்டுவிட்டு வருவதைக் கொண்டே இவ்வளவு செய்திருக்கிறார்களே என்று முப்பது வருடமாகியும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

திருப்பதியிலிருந்து வைதேகி என்ற பெண் படம் அனுப்பியிருந்தாள். அரைக் கம்பளம். ஒரு பக்கம் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. மறுபாதி சித்தப்பாவிடம் இருக்கிறது, இரண்டையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தாள். நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். கிளம்பிவிட்டேன்.

காலை 8.25. நாகலாபுரம். பேருந்து ஐந்து நிமிடம் நின்றது. கடைப்பலகைகளில் தெலுங்கு, கடைக்குள் பேச்சில் தமிழ். தேநீர் பன்னிரண்டு ரூபாய்.

காலை 10.30. திருப்பதி. கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். இரண்டு நாளில் தை அமாவாசை என்பதால் சந்து முழுக்க வாழைக்காய் வண்டிகள். வைதேகி வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுடைய அப்பா வரதாச்சாரி கோயிலில் பாசுரம் சேவிக்கும் கைங்கரியத்தில் நாற்பது வருடம் இருந்தவர். அடுத்த மாதம் எண்பது பூர்த்தியாகி சதாபிஷேகம். ஒல்லியான தேகம், நெற்றியில் பளிச்சென்று திருமண், குரல் மட்டும் இன்னும் கோயில் மண்டபத்துக்கு ஏற்ற அளவில் இருந்தது.

"வாங்கோம்மா. தீர்த்தம் சாப்பிடறேளா? மொதல்ல வஸ்துவப் பாருங்கோ."

பூஜை அறையில், பெருமாள் எழுந்தருளியிருக்கும் மரப்பெட்டிக்குப் பின்னால் கம்பளம் தொங்கியது. நான் வாசற்படியிலேயே நின்றேன். அவர்கள் ஆசாரப்படி நான் மடி இல்லை.

"கம்பளிக்கும் பட்டுக்கும் தீட்டு கிடையாது. நீங்க தாராளமாத் தொடலாம்," என்றார் அவர். தீட்டு எனக்குத்தான் போலும் என்று நினைத்துக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்தேன். வைதேகி கழற்றிக்கொண்டு வந்து கூடத்தில் விரித்தாள்.

அகலம் இரண்டடி பத்து அங்குலம், நீளம் இரண்டடி நாலு அங்குலம். நடுவே ஒட்டக நிறம், சாயமிடாத கம்பளி. சுற்றிலும் கருஞ்சிவப்பும் கருநீலமும். பழுப்பு நூல் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து தேய்ந்திருந்தது. இரும்பு கலந்த பழைய சாயம் கம்பளியை மெல்லத் தின்றுவிடும். நூறு வயதுக்குக் குறையாது. பாகிஸ்தான் பக்கத்துப் பலூச் மக்களின் நெசவு. மேல் பக்கத்தில் படிப்படியாக எழுந்து நிற்கும் ஒரு சதுர வளைவு.

"அது திருவாசி," என்றார் வரதாச்சாரி. "பெருமாளுக்குப் பின்னாடி இருக்குமே, அது. அந்தக் காலத்துல எவனோ பக்தியா நெய்ஞ்சிருக்கான். தோப்பனார் வடக்க ரயில்வேல குமாஸ்தாவா இருந்தப்போ கொண்டுவந்தது. அவர் இதுல உக்காந்துதான் தினம் சந்தியாவந்தனம் பண்ணுவார். கீழ்ப்பக்கம் உக்காருவார். திருவாசிப் பக்கம் காலே வைக்கமாட்டார், எங்களையும் வைக்கவிடமாட்டார்."

அது திருவாசி அல்ல. முஸ்லிம்கள் தொழும் விரிப்பில் நெய்யும் தொழுகை வளைவு. வளைவுக்குள் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழுக்கை. அதற்கு இரண்டு பக்கமும் இன்னும் மெல்லிய இரண்டு தேய்மானம். பூச்சி அரித்தால் விளிம்பு கரடுமுரடாக இருக்கும், அடிநூல் வரை போயிருக்கும். இது அப்படி இல்லை. நாள்தோறும் பல முறை, பல வருடங்கள், ஒரு நெற்றியும் இரண்டு கைகளும் வந்து பட்டுத் தேய்ந்த இடம்.

"அந்தப் பூச்சி அரிச்ச எடத்தையும் நெரப்பிடுங்கோ," என்றார் அவர். "மறுபாதி கோவிந்தன்கிட்ட இருக்கு, குடிபாலாவுல. நீங்க போய் வாங்கிண்டு வந்து சேத்துத் தரணும். சதாபிஷேகத்தன்னிக்கு ஒரு தரம், தோப்பனார் உக்காந்த எடத்துல உக்காரணும். வேற ஆசை இல்லை எனக்கு."

"நீங்களே தம்பிகிட்ட ஒரு வார்த்தை..."

"பேசி இருபத்திரண்டு வருஷமாச்சு."

அப்பாவின் காரியம் முடிந்த கையோடு பாகம் பிரித்தபோது, திருவாசிப் பக்கம் மூத்தவனுக்கே என்று அவரே கத்தரியை எடுத்து வெட்டியிருக்கிறார். வெட்டைப் பார்த்தாலே தெரிந்தது. கத்தரி நாலு இடத்தில் நின்று நின்று போயிருந்தது.

நிரப்பிவிடுகிறேன் என்று தலையாட்டினேன். அது என்னவென்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. பெருமாள் பெட்டி திறந்திருந்தது, அந்த மனிதரின் முகத்தில் அத்தனை ஆசை இருந்தது. நான் கோழை என்று அன்று மாலை விடுதியில் (அறை வாடகை 900 ரூபாய்) எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் ஒன்றும் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை 7.15. வாடகைக் கார், போக வர 2,900 ரூபாய். ஓட்டுநர் முனிரத்னம், வடமாலபேட்டைக்காரர். அரைக் கம்பளத்தைப் பழைய வேட்டியில் சுற்றிப் பின் இருக்கையில் வைத்தேன். பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

சந்திரகிரி தாண்டியதும் முனிரத்னம் கேட்டார். "இன்னா மேடம் அது, பாதிதான் கீது?"

சொன்னேன்.

"எங்க ஊட்லயும் நைனா போனப்போ இதே கததான். கட்டிலு அண்ணனுக்கு, மெத்த எனக்கு. ரெண்டு பேருக்கும் தூக்கமே இல்ல. ஆறு மாசம் பாத்துக்கினு இருந்தேன். அப்புறம் மெத்தய தூக்கிக்கினு போய் அவன் கட்டில்லயே போட்டுட்டு வந்துட்டேன். சரேலே போனி, போனாப் போவுதுன்னு."

"அண்ணன் என்ன சொன்னார்?"

"துன்னுட்டியாடான்னான். அவ்ளோதான் மேடம். வேற இன்னா சொல்வான்?"

புத்தலப்பட்டு அருகே பெசரட்டு (பயறு தோசை) அறுபது ரூபாய், இரண்டு பேருக்கும் சேர்த்துக் காப்பியோடு 170. திருப்பதியிலிருந்து சித்தூர் எழுபது கிலோமீட்டர். சித்தூர் ஊருக்குள் வெல்ல மண்டிப் பக்கம் நெரிசலில் இருபது நிமிடம் போனது. அங்கிருந்து வேலூர் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போனால் குடிபாலா. மாமரங்கள் பூத்திருந்தன.

காலை 10.05. கோவிந்தாச்சாரிக்கு எழுபத்து நாலு வயது. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மகள் வீட்டுக்குப் பெங்களூர் போயிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும், "அவனே வந்து கேக்கட்டும். காரு, மனுஷா, எல்லாம் அனுப்பத் தெரியறது, தான் வரத் தெரியலை," என்றார்.

"கொடுக்க வேண்டாம். பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறேன்," என்றேன்.

பிறகு உள்ளே போய்த் தான் தினமும் உட்காரும் பாதியைக் கொண்டுவந்தார். நான் இரண்டையும் சிமெண்டுத் தரையில் வெட்டுக்கு வெட்டு சேர்த்தேன். வெட்டில் நாலைந்து வரிசை முடிச்சுகள் போயிருந்தன. மற்றபடி ஒட்டக நிறத்தின் நடுவே ஏறிவரும் மரம், கிளைக்குக் கிளை, சதுரத்துக்குச் சதுரம், சரியாகச் சென்று வளைவுக்குள் நின்றது. அவருடைய பாதியில் உட்கார்ந்து தேய்ந்த அகலமான இடம் ஒன்று. அதற்குள்ளேயே இன்னும் ஆழமாக, ஒரு சாண் இடைவெளியில், இரண்டு வட்டங்கள். முழங்கால்கள்.

கோவிந்தாச்சாரி குனிந்து நின்றுகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் முழுதாகப் பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஐயா, உங்கள் அண்ணா இந்த இடத்தை நிரப்பச் சொல்கிறார். பூச்சி அரித்தது என்று நினைக்கிறார்," என்று வளைவுக்குள் இருந்த வழுக்கையைக் காட்டினேன்.

"நெரப்பறதா?" அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. "கூடாது. கூடவே கூடாது."

"அப்படியானால் உங்களுக்குத் தெரியும்."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்.

அவர் அப்பா பலூசிஸ்தானத்தில் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் குமாஸ்தா. அங்கே தண்டவாளம் மாற்றும் வேலையில் அந்த ஊர்க்காரர் ஒருவர். ஒவ்வொரு நாளும் ஐந்து வேளை, தன் குடிசைக்கு முன்னால் இந்த விரிப்பைப் போட்டுத் தொழுவார். அப்பாவும் எதிரே தன் குடியிருப்பில் சந்தி பண்ணுவார். இரண்டு பேரும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. நாடு பிரிந்தது. அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தையோடு கிளம்ப வேண்டி வந்தது. ரயில் பெட்டியில் ஒரே குளிர். குழந்தைக்கு ஜுரம், உதடு நீலமாகிவிட்டது. வண்டி நகரும்போது அந்த மனிதர் ஓடிவந்து, சன்னல் வழியாக விரிப்பைத் திணித்து, குழந்தையைச் சுற்றச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அந்தக் கொழந்தை வரதன்," என்றார் கோவிந்தாச்சாரி. "நான் அப்பறம்தான் பொறந்தேன். தோப்பனார் கடைசி ரெண்டு வருஷம் இங்க என்கூட இருந்தார். அப்பத்தான் சொன்னார். அந்த மனுஷர் முழங்கால் பட்ட எடத்துல உக்காரலாம், நெத்தி பட்ட எடத்துல கூடாதுன்னு தனக்குத் தானே ஒரு விதி வெச்சுண்டிருந்தார். வரதன்கிட்ட சொல்லாதே, கோவில் கைங்கர்யத்துல இருக்கான், மனசு சங்கடப்படும்னுட்டார். அவன் கத்தரிய எடுத்தப்போ வெட்டாதேன்னேன். ஏன்னு கேட்டான். நான் என்னத்தச் சொல்ல? பொறாமைன்னு நெனைச்சுண்டான்."

ஒரு வாக்கைக் காப்பாற்ற ஒரு அண்ணனை இழந்திருக்கிறார் இந்தக் கணக்கு வாத்தியார்.

அவர் எழுந்தார். உள்ளே போய் வேறு வேட்டி கட்டிக்கொண்டு, மாற்று வேட்டியும் பஞ்சபாத்திரமும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். "காருல எடம் இருக்கா? வாக்கு போனா போறது. அந்த எடத்த நெரப்ப விடமாட்டேன்."

திரும்பும் வழியில் முனிரத்னம் சித்தூரில் கேட்காமலே நிறுத்தி, பெரியவருக்கு மட்டும் ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

பிற்பகல் 2.40. திருப்பதி. கோவிந்தாச்சாரி உள்ளே போனார். அண்ணாவின் முன்னால் கீழே விழுந்து சேவித்தார். எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வைதேகி பிடித்துத் தூக்கினாள். வரதாச்சாரியின் கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. ஆசீர்வாதமா, தடுப்பதா என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அதை நெரப்பாதே அண்ணா," என்றார் தம்பி. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கணக்குப் பாடம் மாதிரி, ஒரு வரி விடாமல்.

நான் இரண்டு பாதிகளையும் கூடத்தில் சேர்த்து விரித்திருந்தேன். வரதாச்சாரி அதைப் பார்த்தார், பூஜை அறையைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார். தெருவில் யாரோ வாழைக்காய் விலை கூவிக்கொண்டு போனார்கள்.

"உங்களுக்கு நேத்தே தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"பயந்துவிட்டேன்."

தலையசைத்தார். கோபிக்கவில்லை. மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார், கம்பளத்துக்கு வெளியே. உள்ளங்கையை அந்த வழுக்கையின்மேல் வைத்தார்.

"இருபத்திரண்டு வருஷம் பெருமாளுக்குப் பின்னாடி நின்னுருக்கு," என்றார். அப்புறம், "நான் பொழைச்சது இதால," என்றார்.

கை அப்படியே இருந்தது.

"கோவிந்தா. அவர் பேர் என்ன?"

"தோப்பனார் சொல்லலை அண்ணா. நான் கேட்டேன். ஞாபகம் இல்லைன்னு அழுதார்."

சனிக்கிழமை, காலை 7.00. தை அமாவாசை. கம்பளப் பாதிகளை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று போனேன். தர்ப்பணம் முடியட்டும், இருங்கள் என்றாள் வைதேகி. நடையில் நின்றேன். கூடத்தில் அண்ணனும் தம்பியும் தெற்குப் பார்த்துப் பக்கம் பக்கமாக மணையில் உட்கார்ந்திருந்தார்கள். எள், தண்ணீர், தர்ப்பை. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஒவ்வொருவராகப் பேரும் கோத்திரமும் சொல்லித் தண்ணீர் விட்டார்கள். இரண்டு குரலும் ஒரே குரலாக இருந்தன. ஒரே மனிதரிடம் பாடம் கேட்ட குரல்கள்.

கடைசியில், பேர் சொல்ல யாரும் இல்லாதவர்களுக்கென்று விடும் ஒரு கைத் தண்ணீர் உண்டு. எங்கள் வீட்டில் அது கிடையாது, வைதேகிதான் மெல்லிய குரலில் எனக்குச் சொன்னாள். அந்த இடத்தில் வரதாச்சாரி நிறுத்தினார்.

"அவா முறை வேற. நான் விடற தண்ணி அவருக்குப் போய்ச் சேருமோடா?"

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. "ஜுரக் கொழந்தைக்குத் தன்னோடத எடுத்துக் குடுத்தவர். நீ குடுத்தா வேண்டாம்னுடுவாரா?"

வரதாச்சாரி தண்ணீர் விட்டார். பாதி அவர் வேட்டியிலேயே விழுந்தது. மறுபடி ஒரு கை எடுத்து, நன்றாக, நிதானமாக விட்டார்.

காலை 9.50. சென்னைப் பேருந்து. இரண்டு பாதிகளும் ஒரே சுருளாக என் மடியில். சேர்த்துத் தர வேண்டும், வழுக்கையைத் தொடக் கூடாது, முழங்கால் இடத்தையும் தொடக் கூடாது. சதாபிஷேகத்தன்று அதில் யாரும் உட்காரப் போவதில்லை, பக்கத்தில் விரித்து வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார் வரதாச்சாரி. அதுவரை கோவிந்தாச்சாரி குடிபாலா திரும்பப் போவதில்லை.

பெரம்பூர் பட்டறையில் நாங்கள் இப்படி இல்லை. வாங்குகிறவர்களுக்குத் தேய்மானம் பிடிக்காது. வழுக்கை என்று வந்தால் நிறம் பார்த்து, நூல் பார்த்து, முடிச்சுக்கு முடிச்சு நிரப்பிவிடுவேன். நிரப்பியது தெரியவே தெரியாது என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அவற்றில் எத்தனை பூச்சி, எத்தனை நெற்றி என்று எண்ணிப் பார்த்தேன். வடமாலபேட்டை வருவதற்குள் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.